பனிநாட்டு நாயும் நமது பாடசாலையும்

கோடை விடுமுறையில் நம் ஜினாலயங்களில் நடைபெறும் அறநெறி வகுப்புகளில் சிறுவர்க்கு முதற்கண் கற்பிக்கப்படுவது கொல்லாமை. ‘எவ்வுயிர்க்கும் துன்பம் செய்யோம்’ என்று அனைவரும் ஒரே குரலில் சொல்லுவர். வகுப்பு முடிந்து தெருவில் இறங்கியதும், எதிரே படுத்திருக்கும் நாயின்மேல் கல் எறிபவனும் அவர்களுள் ஒருவனாக இருத்தல் கூடும். அவன் தீயவன் அல்லன். ‘எவ்வுயிர்’ என்பது அவனுக்கு முகமில்லாத பொதுச்சொல்லாக நின்றுவிட்டது; தெருவில் படுத்திருப்பதும் அச்சொல்லுள் அடங்கும் என்பதை எவரும் அவனுக்குக் காட்டவில்லை.

ஆதலின், அஹிம்சையைக் கற்பிப்போர் ஓர் உயிரையேனும் முகத்தோடும் வரலாற்றோடும் வகுப்பினுள் கொண்டுவருதல் வேண்டும். அதற்கு நாயைவிடத் தக்க உயிர் வேறில்லை. ஏனெனில், சிறுவன் நாள்தோறும் காண்பது அதுவே. அவன் கைக்கு எட்டுவதும் அதுவே. இரண்டு நாய்களின் வரலாறு இப்பாடத்தில் கூறப்படுகிறது. ஒன்று நம் காவியத்தில் உள்ளது. மற்றொன்று 1925ஆம் ஆண்டில் பனிநாட்டில் ஓடியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தனித்தனியே தோன்றாத ஓர் உண்மை புலப்படும்.

சீவகன் கண்ட நாய்

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியைச் சோழநாட்டு அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டில் சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சிந்தாமணியின்பால் திருப்பினார். நூலில் விளங்காத சமயக் கருத்துகளை ஐயர் அவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெருமக்களிடம் கேட்டறிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி என ஜினாலயங்கள் நிலைபெற்ற காவிரி நாட்டில், இல்லங்களில் ஓதிக் காத்துவந்த பொருள் உலகிற்குப் பொதுவாயிற்று.

அந்நூலின் குணமாலையார் இலம்பகத்தில் ஒரு நாய் வருகிறது. நகரத்தார் நீர்விளையாட்டில் களித்திருந்த நாள் அது. உணவைத் தொட்டுவிட்டது என்பதற்காக அதனைச் சிலர் சினந்து அடித்துக் குற்றுயிராக்கினர். அவ்வழி வந்த சீவகன் அதனைக் கண்டு இரங்கினான். உயிர் பிழைப்பதற்கு வழியில்லை என்று உணர்ந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். மந்திரத்தைக் கேட்டவாறே உயிர்நீத்த அந்நாய், சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னர்க் கட்டியங்காரனால் சீவகனுக்குக் கொலைத்துன்பம் நேர்ந்தபோது, அவனை மீட்டுத் தன் மலைக்கு அழைத்துச் சென்றவன் அச்சுதஞ்சணனே. இன்குரல் தருவதும், நஞ்சு முதலிய துன்பம் நீக்குவதும், வேண்டிய உருவம் அளிப்பதுமான மூன்று மந்திரங்களையும் அவன் சீவகனுக்கு உபதேசித்தான். நாய்க்கு மனிதன் ஆசிரியன் ஆனான். பின்னர் அந்நாயின் உயிரே அம்மனிதனுக்கு ஆசிரியன் ஆயிற்று.

சிறுவர்கள் இங்கு ஒரு வினா எழுப்புவர்: ‘மந்திரம் நாய்க்குப் புரியுமா?’ வினா நல்லதே. விலங்குகளுக்கு ஐந்து அறிவே உண்டு என்று பொதுவாகச் சொல்லப்படும். நம் ஆகமம் இன்னும் நுட்பமாகப் பகுக்கிறது. ஐம்பொறி உயிர்களுள்ளும் மனம் உடையவை, மனம் இல்லாதவை என இருவகை உண்டு. மனம் உடையவை சஞ்ஞி எனப்படும். பசு, யானை, நாய் முதலியன சஞ்ஞிகள். அவை அறிவுரையைக் கேட்கவும், நற்காட்சி பெறவும், சிராவகர்க்குரிய அணுவிரத நிலைவரை உயரவும் தகுதி உடையவை. ‘நாய் ஊன் உண்ணும் பிறவி ஆயிற்றே’ என்று ஐயுறுவோர்க்கும் விடை உண்டு. வர்த்தமான மகாவீரர் தம் முற்பிறவி ஒன்றில் இரையைக் கொன்று தின்னும் சிங்கமாக இருந்தார். சாரண முனிவர்களின் அறவுரை கேட்டு விரதம் ஏற்றார் என்று புராணம் கூறும். ஒரு பிறவியின் உடல் இழிந்தது என்று அதனுள் இருக்கும் உயிரை இழித்தல் தகாது.

பனியில் ஓடிய நாய்கள்

இனி இரண்டாம் வரலாறு. அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் அலாஸ்கா என்னும் பெருநிலம் உள்ளது. அங்கே கடற்கரையில் நோம் என்பது ஒரு சிற்றூர். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும்; கப்பல் வாராது. 1925 ஜனவரியில் அவ்வூர்ச் சிறுவர்களிடையே தொண்டை அடைப்பான் நோய் பரவியது. டிப்தீரியா என்று மருத்துவர் கூறும் இந்நோய் தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைத்துக் கொல்லும். நம் குழந்தைகளுக்கு இடப்படும் முத்தடுப்பு ஊசி காக்கும் மூன்று நோய்களுள் இதுவும் ஒன்று. ஊரின் மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச்சிடம் இருந்த எதிர்நச்சு மருந்து காலங்கடந்து பழுதாகி இருந்தது. அவர் தந்தியடித்து உதவி கோரினார்.

ஆங்கரேஜ் நகரில் மருந்து கிடைத்தது. அதனை நெனானா என்னும் ஊர்வரை இரயிலில் கொணர்ந்தனர். அதற்கு அப்பால் இருப்புப்பாதை இல்லை. எஞ்சிய தொலைவு ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர். குடகில் பிறந்து பூம்புகாரில் கடல் சேரும் நம் காவிரியின் நீளமே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் என்பதை எண்ணுக. அத்தொலைவை அஞ்சல் வண்டிகள் கடக்க ஏறக்குறைய 25 நாட்கள் ஆகும். நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளைத் தவிர வேறு வழி இல்லை. 20 வண்டியோட்டிகளும் ஏறக்குறைய 150 நாய்களும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மருந்தை மாற்றிக் கொண்டு ஓடினர். ஜனவரி 27ஆம் நாள் இரவு தொடங்கிய ஓட்டம், பிப்ரவரி 2ஆம் நாள் விடியற்காலையில் நோமில் முடிந்தது. ஐந்தரை நாட்களுக்குள் மருந்து சென்று சேர்ந்தது. சோழநாட்டில் தை வெயிலில் சம்பா அறுவடை நடக்கும் அதே நாட்களில், அங்கே சுழியத்திற்குக் கீழே 40 டிகிரி அளவிலான குளிரில் இது நிகழ்ந்தது.

நார்வேயில் பிறந்த லியோன்ஹார்ட் செப்பாலா என்பவரின் வண்டிக்கு முன்னோடியாகச் சென்றது டோகோ என்னும் 12 வயது நாய். மருந்தை எதிர்கொள்ளச் சென்றதும், மருந்தோடு திரும்பியதுமாக அவ்வணி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஓடியது. உறைந்த கடலின் மேலும் அது சென்றது. இறுதிக் கட்டத்தில் குன்னார் காசன் என்பவரின் வண்டியைப் பால்டோ என்னும் கருநிற நாய் முன்னின்று இழுத்தது. பனிப்புயலில் ஓட்டுநருக்குத் தம் கையே தெரியவில்லை. பால்டோ வழியறிந்து சென்றது. ஒரு கட்டத்தில் காற்று வண்டியைக் கவிழ்த்தது. மருந்துப் பெட்டி பனியில் விழுந்தது. காசன் வெறுங்கையால் துழாவி அதனை எடுத்தார்.

இதனைக் கதையாகச் சொல்லும் நூல்கள் பல, வெற்றியோடு நின்றுவிடும். நம் வகுப்பில் அவ்வாறு நிறுத்துதல் ஆகாது. முதல் கட்டத்தில் ஓடிய நாய்களுள் சில நுரையீரல் குளிரால் தாக்குண்டு இறந்தன. அவை கொண்டு சென்ற மருந்தும் குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டது. நோம் நகரத்துக் குழந்தைகளின் மூச்சுக்குப் பின்னால் நாய்களின் மூச்சும் குதிரைகளின் குருதியும் இருந்தன. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலே இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் போதிக்கும். இங்கே விலங்குகள் தம் பங்கைச் செலுத்திவிட்டன. மனிதர் தம் பங்கைச் செலுத்தினரா என்பதே அடுத்த பாடம்.

புகழுக்குப் பின்

கடைசியில் ஊர் வந்து சேர்ந்த பால்டோவே செய்தித்தாள்களில் பெயர் பெற்றது. நெடுந்தொலைவு ஓடிய டோகோவை அறிந்தோர் சிலரே. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரின் நடுப் பூங்காவில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை எழுப்பினர். திறப்பு நாளில் அந்நாயும் உடனிருந்தது.

சிலை பூங்காவில் நின்றது. நாயின் கதி வேறாயிற்று. மேடைக் காட்சிகளுக்காக ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்ட பால்டோவும் அதன் தோழர்களும் கைமாறி விற்கப்பட்டன. ஈராண்டும் நிறைவதற்குள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காசு பெற்றுக் காட்டும் ஒரு மலிவான காட்சிக்கூடத்தில் அவை சங்கிலியில் பிணிக்கப்பட்டு, பேணுவாரின்றிக் கிடந்தன. 1927இல் அவற்றைக் கண்ட ஜார்ஜ் கிம்பிள் என்னும் வணிகர் உள்ளம் பதைத்தார். உரியவர் கேட்ட விலை 2,000 டாலர். கிம்பிள் தம் ஊராகிய கிளீவ்லாந்து மக்களிடம் முறையிட்டார். பள்ளிச் சிறுவர்கள் தம் கைக்காசைக் கொணர்ந்தனர். தொழிலாளரும் கடைக்காரரும் கொடுத்தனர். பத்தே நாட்களில் தொகை சேர்ந்தது. பால்டோ உட்பட ஏழு நாய்கள் மீட்கப்பட்டுக் கிளீவ்லாந்து விலங்குக் காட்சிச் சாலையில் பேணப்பட்டன. 1933 மார்ச் 14ஆம் நாள் பால்டோ இறந்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் மரபணுவை ஆராய்ந்த அறிஞர்கள் 2023இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். இறந்து தொண்ணூறு ஆண்டு ஆன பின்னும் அது கற்பித்துக்கொண்டிருக்கிறது.

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை இழுத்து ஒரு பசு நீதி கேட்ட கதையை நம் சிறுவர் அறிவர். எல்லா விலங்கிற்கும் இழுக்க மணி கிடைப்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் சங்கிலியில் கிடந்த நாய்களுக்கு, கிளீவ்லாந்துச் சிறுவர்களின் உண்டியல் ஓசையே ஆராய்ச்சி மணியாயிற்று.

இப்போது இரு நாய்களையும் ஒருங்கே எண்ணுக. பால்டோ பயன்பட்டது, ஆதலின் புகழப்பட்டது. பயன் தீர்ந்ததும் விற்கப்பட்டது. சீவகன் கண்ட நாயோ எவர்க்கும் பயன்பட்டதன்று. உணவில் வாய்வைத்த குற்றமுடையது. அதன் செவியருகே அவன் அமர்ந்தது எதையும் எதிர்பார்த்தன்று. பயன் தரும் விலங்கை நேசித்தல் எவர்க்கும் எளிது. அதில் தன்னலமும் கலந்துள்ளது. பயனற்றது, முதுமையுற்றது, நமக்கு இடையூறு செய்வது ஆகிய உயிரின்முன் நிற்கும்போதே நம் அஹிம்சை சோதிக்கப்படுகிறது. இப்பாடத்தின் உட்பொருள் இதுவே.

ஐந்து அதிசாரங்கள் என்னும் அளவுகோல்

இவ்வுட்பொருளை நாள்தோறும் கடைப்பிடிக்க நம் முன்னோர் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளனர். அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தில் நேரும் வழுக்கள், கூறப்பட்டுள்ளன. இரத்தின கரண்டகத்தைத் தழுவிய அருங்கலச்செப்பு என்னும் தமிழ்நூலிலும் இவற்றைக் காணலாம். அவை வருமாறு:

1. கட்டுதல்: அசைய இயலாவாறு பிணித்து வைத்தல். காவலுக்கென்று பகலெல்லாம் குறுஞ்சங்கிலியில் கிடக்கும் நாயை நினைக.

2. அடித்தல்: கோலாலோ கல்லாலோ துன்புறுத்தல். தார்க்குச்சியால் மாட்டைக் குத்துவதும் இதில் அடங்கும்.

3. உறுப்பைச் சிதைத்தல்: அழகுக்கென்று நாயின் காதையும் வாலையும் அறுத்தல் இவ்வகை.

4. மிகுபாரம் ஏற்றல்: தாங்கும் அளவிற்கு மேல் சுமை ஏற்றுதலும், ஓய்வின்றி ஓட்டுதலும்.

5. உணவும் நீரும் மறுத்தல்: வேளைக்கு ஊட்டாமை, வேலை முடிந்ததும் மறந்துவிடுதல்.

இவ்வைந்தும் கொலை அல்ல. ஆயினும் விரதத்தை அரித்துவிடும் என்று பெரியோர் எச்சரித்தனர். பால்டோவின் வரலாற்றை இவ்வளவுகோலால் அளந்தால், பனியில் நேர்ந்தது ஒரு வழு. காட்சிக்கூடத்தில் நேர்ந்தவை வேறு வழுக்கள் என்பதைச் சிறுவரே எடுத்துச் சொல்வர். முன்னதற்கு உயிர்காக்கும் நோக்கமேனும் இருந்தது. பின்னதற்கு அதுவும் இல்லை.

நாட்டின் சட்டமும் இதனையே பேசுகிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், அடித்தல், மிகுபாரம் ஏற்றல், குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் பிணித்தல், உறுப்புச் சிதைத்தல், உணவும் நீரும் தங்குமிடமும் தாராமை ஆகியவற்றைக் குற்றங்களாக வகுத்துள்ளது. இச்சட்டத்திற்கு வித்திட்டவர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்து தனிநபர் மசோதா கொணர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். தஞ்சை மரபின் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நாட்டியம் பயின்றவர் அவர். 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நம் அதிசாரப் பட்டியலையும் இச்சட்டப் பிரிவையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால், பழைய விரதம் இன்றைய வாழ்விற்கும் உரியதே என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

சோழநாட்டு உழவர் குடும்பங்களுக்கு இதில் தனிப் பொருள் உண்டு. ஒருகாலத்தில் உழவும் பரம்படிப்பும் பாரவண்டியும் காளைகளின் தோளில் இருந்தன. இன்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் அவ்விடத்தைப் பெற்றுவிட்டன. வேலை இழந்த காளையும் பால் வற்றிய பசுவும் சந்தைக்கு ஓட்டப்படும்போது, ‘பால்டோவை விற்றவன் யார்?’ என்னும் வினா நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. விற்றபின் அவை எங்கே செல்லும் என்பதை எண்ணிப் பார்ப்பது நம் கடன்.

வகுப்பிற்கு நாயைக் கொணரலாமா?

மேலைநாடுகளில் பயிற்சி பெற்ற நாய்களைப் பள்ளிக்கு அழைத்துவந்து, பிள்ளைகளை அவற்றின் அருகில் அமர்த்திப் படிக்கச் செய்யும் வழக்கம் உண்டு. தவறாக வாசித்தாலும் நாய் நகைப்பதில்லை. ஆதலின் கூச்சமுள்ள குழந்தையும் வாய்திறந்து படிக்கும். நோக்கம் நல்லதே. எனினும் இதனைக் கேள்வியுற்று, பால்டோவைப் போன்றதொரு நாய் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், பெற்றோர் சற்றே சிந்திக்க வேண்டும்.

சைபீரிய ஹஸ்கி என்னும் பனிநாட்டு நாய்கள் இன்று நம் நகரங்களிலும் விலைக்கு வாங்கப்படுகின்றன. அவற்றின் உடலில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. பனியில் உறங்குவதற்கும் நெடுந்தொலைவு ஓடுவதற்கும் அமைந்த உடல் அது. கோடை வெயில் 40 டிகிரியை நெருங்கும் தஞ்சைத் தரணியில் அதனை ஒரு மாடி வீட்டில் அடைத்து வைப்பது, அடியாமலும் பட்டினி போடாமலும் இழைக்கும் துன்பமாகும். ஆசையால் வாங்கி, பேண இயலாது தெருவில் விடுவது அதனினும் கொடிது. அன்பு காட்ட நாய் வேண்டுமெனின், நம் மண்ணின் வெயிலுக்கு இயைந்த நாட்டுநாய் நம் தெருவிலேயே உள்ளது.

அன்பு என்பது அச்சமின்மையன்று. அறிவோடு கூடியதாதல் வேண்டும். உறங்கும் நாயையும், உண்ணும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்கலாகாது என்று சிறுவர்க்குச் சொல்லுக. துரத்த வந்தால் ஓடாமல் அசையாது நிற்கப் பழக்குக. கடியோ கீறலோ நேர்ந்தால், வீட்டில் கடிந்துகொள்வர் என்று அஞ்சி மறைக்கக் கூடாது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்குதல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியன அப்புதல் தீங்கு. வெறிநாய்க்கடி நோய் வந்தபின் காப்பது அரிது. முன்னரே தடுப்பது எளிது.

ஆசிரியர்க்கு

இப்பாடத்தை இரண்டு வகுப்புகளில் நடத்தலாம். முதல் நாளில் சுவரில் உலகப் படத்தை மாட்டி, நோமையும் தஞ்சையையும் காட்டுக. காவிரியின் நீளத்தை ஒரு நூலால் அளந்து, நாய்கள் ஓடிய தொலைவோடு ஒப்பிடச் செய்க. அடுத்து, மாணவரை வரிசையாக நிறுத்தி ஒரு சிறு பெட்டியைக் கைமாற்றச் செய்க. ஒருவர் தவறவிட்டால் அனைவர் உழைப்பும் வீணாகும் என்பது சொல்லாமலே விளங்கும். இரண்டாம் நாளில் சீவகன் வரலாற்றைச் சொல்லி, ஐந்து அதிசாரங்களை எழுதுவிக்க. பின்வரும் வினாக்களுக்கு விடையைப் பெற்றோரோடு கலந்து எழுதிவரச் சொல்லுக.

1. டோகோ நெடுந்தொலைவு ஓடியது. புகழ் பால்டோவிற்குச் சென்றது. இதனால் டோகோ எதையேனும் இழந்ததா?

2. நோய்ப்பட்ட குழந்தைகளைக் காக்க நாய்களை அக்குளிரில் ஓட்டியது சரியா? இரு பக்கமும் நின்று எழுதுக.

3. சீவகன் நாயின் உயிரைக் காக்க இயலவில்லை. ஆயினும் அவன் செய்தது உதவியே என்பது எவ்வாறு?

4. உங்கள் தெருவில் ஒரு வாரம் உற்று நோக்குக. ஐந்து அதிசாரங்களுள் எவையேனும் நிகழக் கண்டீர்களா? அதனைத் தடுக்க நீங்கள் செய்யக் கூடியது யாது?

நான்காம் வினாவிற்குத் தாளில் எழுதும் விடை மட்டும் போதாது. வாசலில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்து, சித்திரை, வைகாசி மாதங்களில் அது வற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். அந்நீரைக் குடிக்க வரும் நாய் நமக்குக் காவல் காப்பதும் இல்லை. வண்டி இழுப்பதும் இல்லை. அதனாலேயே அது நல்லாசிரியன். கல் எடுத்த கை சட்டியில் நீர் வார்க்குமாயின், பாடம் கைக்கு எட்டிற்று என்று கொள்க.